பத்தாயத்தில் ஒளிந்த ராஜா

ராஜாவின் உயிருக்கு ஆபத்து வந்த காலத்தில் அவரைக் காப்பாற்றியவர்கள் பலர் இருந்திருக்கலாம். ராஜா போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். நாகர்கோவிலில் என்னோடு ஒரே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பத்தாயம்.

பத்தாயம் என்பது நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. எதிரிகள் துரத்த, பழைய காலத்து ராஜா ஒருவர் மாறுவேஷத்தில் ஓடிவந்து எங்கள் வீட்டுப் பத்தாயத்தில்தான் ஒளிந்தார் என்று நாஞ்சில் நாட்டில் வசதியுள்ள வீடுகளில் பாதி சொல்லும். எல்லாவற்றையும் நம்பினால், அந்த ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்ததைவிட நெல்லுக்குள் படுத்ததுதான் அதிகம். மற்ற வீட்டுக்காரர்கள் கல்யாண வீட்டில் நாலு பேர் கூடும்போது சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நம் ஆள் போகமாட்டார். மழை பெய்தால், "ராஜா வந்த அன்னிக்கும் இப்பிடித்தான் மக்கா மழை" என்பார். வெயிலடித்தால், பாவம், ராஜாவுக்கு உள்ளே வியர்த்திருக்கும். சுதந்திரம் வந்தது, ராஜாங்கமே முடிந்தது, மந்திரிகள் வந்தார்கள். இவர் வீட்டுப் பத்தாயத்திலிருந்து மட்டும் ராஜா இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹெட் கிளார்க் தம் மகள் பகவதிக்கு இவரைப் பார்த்தார். ஜாதகம் பொருந்தியது. நம் ஆளுக்குப் பெண்ணை எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், ஃபைல் கட்டும்போதுகூடத் தனியாகச் சிரித்தார். மாப்பிள்ளையின் குணத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தாம்பூலம் மாற்றலாம் என்பது ஹெட் கிளார்க்கின் எண்ணம். ஆபீஸ்காரர்கள் எல்லாரும் திற்பரப்பு அருவிக்குப் போய் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது என்று முடிவானபோது, அவரும் மனைவி மகளோடு வந்து சேர்ந்தார்.

கூடாரம், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரிடம் நான் இரவல் வாங்கியது. அதை அடிக்கும் பொறுப்பைப் பத்தாயம் எடுத்துக்கொண்டார். வாசல் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம்.

"ரோட்டைப் பாத்து வாசல் வச்சா எதிரி நேரா உள்ள வந்திருவான்லா" என்றார்.

யாருடைய எதிரி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நடுக்கம்பு சாய்ந்து கூடாரம் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. பதறிப்போய் நாங்கள் துணியைத் தூக்கும்போது, உள்ளேயிருந்து குரல் வந்தது: "பத்தாயத்துக்குள்ளயும் இப்பிடித்தான் இருட்டா கெடந்திருக்கும், என்னா?"

பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காரியம் கைகூடிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் ஒரு கை பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஹெட் கிளார்க் ஆற்றைக் காட்டிச் சரித்திரம் ஆரம்பித்தார்.

"ராஜா இந்த ஆத்தைத் தாண்டித்தான்வே வந்தாரு. ஆடி அமாவாசை ராத்திரி. நேரா எங்க வீட்டுப் பத்தாயத்துல ஏறிப் படுத்துக்கிட்டாரு."

கையிலிருந்த கிழங்கை நான் கீழே வைத்தேன். நம் ஆள் வீட்டுக்கு ராஜா வந்ததும் அதே ஆடி அமாவாசைதான்.

"சார், அன்னிக்கு ராஜா எங்க வீட்டுலல்லா கெடந்தாரு" என்றார் பத்தாயம்.

"ஒரே ராத்திரி ரெண்டு பத்தாயத்துல எப்பிடிவே கெடப்பாரு? அப்ப எங்க பாட்டாமாரு பொய்யா சொன்னாங்க? பொய்யன் வீட்டுலயா நீரு பொண்ணெடுக்கப் போறீரு?"

நான் பத்தாயத்தின் காலை மிதித்தேன். அவர் பகவதியைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஒளிஞ்சது... எவனாம் கள்ளனா இருக்கும் சார்."

ஹெட் கிளார்க்குக்குப் பரம திருப்தி. "அப்பிடிச் சொல்லும்! வாற மாசமே தாம்பூலம் மாத்திருவோம்" என்று அவர் முதுகில் தட்டினார்.

பகவதி எழுந்தாள். எங்களுக்கும் கேட்கும்படியாகத் தன் தாயாரிடம் சொன்னாள்: "எம்மா, அவிய எனக்கு வேண்டாம். கூடாரம் தலையில விழுந்தும் விடாத ராஜாவ, அப்பா ஒரு அதட்டு அதட்டுனதும் கள்ளன்னு சொல்லிட்டாவ. நாளைக்கு எவனாம் ஒரு வார்த்தை சொன்னா, என்னைய என்னன்னு சொல்லுவாவ?"

அன்று முழுவதும் பத்தாயத்துக்குச் சோறு இறங்கவில்லை. ராஜா பேச்சும் இல்லை. எனக்கே மனசு கேட்காமல், ராஜாவைப் பற்றி எதையாவது கேட்டு வைக்கலாமா என்று இருந்தது. மேகத்தைக் காட்டி, "மழை வரும்போல இருக்கே" என்றேன். "வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லாரும் அருவியில் குளித்துக்கொண்டிருந்தோம். தலை நிறைய எண்ணெயோடு ஹெட் கிளார்க் தண்ணீருக்கடியில் நின்றார். பத்தாயம் விறுவிறுவென்று போய் அவர் பக்கத்தில் நின்றார். அந்த இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் கேட்காது. ஆகவே தொண்டை கிழியக் கத்தினார்.

"சார்! ராஜா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு! உங்க வீட்டுக்கு வந்ததுதான் கள்ளன்!"

"என்னதுவே?"

காதில் விழவில்லை என்று நினைத்து நம் ஆள் இன்னும் உரக்க, இன்னொரு தடவை சொன்னார். குளிக்க வந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மவ ஜாதகத்தைத் திருப்பித் தாரும்!" என்று ஹெட் கிளார்க் சொட்டச் சொட்டக் கரையேறினார். கரையில் பகவதி தோர்த்துத் துண்டோடு நின்றிருந்தாள்.

"தலையத் தொவட்டுங்கப்பா. தாம்பூலம் எந்தத் தேதியில மாத்தணும்னு அம்மா கேக்கா."

தாயும் மகளும் ஒரே பக்கம் நின்றுவிட்டால் ஹெட் கிளார்க் என்ன செய்வார்? கல்யாணம் நடந்தது. பந்தலில் வருகிறவர்களிடமெல்லாம், "மாப்பிள வீட்டுல ஒளிஞ்சது கள்ளன்தான். இல்லேன்னா எம்மவள இப்பிடிக் கொண்டு போவானா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பத்தாயம் கதையை ஆரம்பித்தால், அன்றைக்கு ராஜா எந்தக் கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதுவரை பகவதி அம்மாள் எடுத்துக்கொடுப்பார். தகப்பனாரை எதிரில் வைத்துக்கொண்டே எடுத்துக்கொடுப்பார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பியதில்லை. ஆனால் நாளைக்கே யாராவது என்னைத் துரத்திக்கொண்டு வந்தால், நான் ஓடப்போவது அந்த வீட்டுக்குத்தான். ஒளித்து வைத்திருப்பதை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால் எவன் வந்து அதட்டினாலும், உள்ளே இருப்பவன் கள்ளன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.