ஒரு குச்சி எரியும் நேரம்

“...அதெல்லாம் எனக்குத் தெரியாதுவே வாத்தியாரே. நான் உரசுத தீ அணையதுக்குள்ள ஸ்கிரீன்ல ஏதாவது ஒண்ணு அசையணும். அசையலையா, அந்த சாஃப்ட்வேர் நம்ம பிள்ளையளுக்கு வேண்டாம்!”

சொன்னதோடு நிற்காமல், மானிட்டருக்குப் பக்கத்திலேயே தீக்குச்சியைக் கிழித்தார் உரசல் அண்ணாச்சி. மென்பொருளை நெருப்பு வைத்துத் தேர்ந்தெடுத்த மனுஷன் பூலோகத்தில் அவர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கோவில்பட்டியில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார். அதற்கு முன் அவர் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியை உரசி உரசித் தரம் பார்த்தவர். சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்கே மறந்திருக்கும். செருப்போடு யாராவது உள்ளே வந்தால், “மிஷினுக்குத் தூசி ஆகாது” என்று தெரு அதிரக் கத்துவார். அதே அறையில் குச்சி கிழிப்பார். கேட்டால், “தூசி வேற, தீ வேறவே!”

கோடை லீவுக்கு ‘பிள்ளைகளே வீடியோ கேம் செய்யலாம்’ என்று வாசலில் தட்டி வைத்தார். எனக்குத் தெரிந்தது சி மொழி. அதில் ஆரம்பித்தேன். “செமிகோலன் விட்டுப்போச்சு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குச்சி அணைந்தது.

“கமா தலையில ஒரு பொட்டு வைக்கலேன்னா கோவிச்சுக்கிடுமா? இது மிஷினா, சம்பந்தியா?”

அடுத்து, முப்பரிமாண விளையாட்டு செய்கிற பெரிய சி.டி. ஒன்று. அது திறப்பதற்குள் அரைப் பெட்டி குச்சி காலி. கடைசிக் குச்சியில் ஜன்னல் ஸ்கிரீன் பற்றிக்கொண்டது. குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தோம். அண்ணாச்சி நிதானமாக, “ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையல. ஸ்கிரீன்தான் அசைஞ்சுது” என்றார்.

“எதுக்கு அண்ணாச்சி இந்தப் பிடிவாதம்?”

“மொத உரசல்ல பிடிக்காத குச்சிய மறுபடி எவன் உரசுவான்? பிள்ளையள் மனசும் அப்படித்தாம்வே.”

மூன்றாவதாகக் கிடைத்ததில் எழுத்து வேலையே இல்லை. கட்டளைகள் எல்லாம் வண்ண வண்ணக் கட்டைகள். எடுத்து அடுக்கினால் போதும். அதைச் சோதிக்க உட்கார்ந்த நேரத்தில்தான் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவர் மகள் செல்வி எங்கள் வகுப்பில் படித்தாள். என் சி மொழியைப் பார்த்துவிட்டு, தனக்கு மூளையே இல்லை என்று வீட்டில் அழுதிருக்கிறாள்.

“பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. அழுகுததுக்கு ஆடு மேய்க்கலாம்.”

“ஒரு குச்சி நேரம் பொறும்” என்றார் அண்ணாச்சி. செல்வியை நாற்காலியில் உட்கார்த்தி, குச்சியைக் கிழித்தார்.

அவள் ஓர் ஆட்டுப் படத்தை எடுத்தாள். கட்டை ஒன்றை வைத்தாள். அசையவில்லை. இன்னொன்றை வைத்தாள். ம்ஹூம். தீ இறங்கி அண்ணாச்சியின் நகத்தைத் தொட்டது. முடிந்தது கதை என்று நான் நினைத்தபோது, ஒரு மென்பொருளுக்கும் கருணை காட்டாத அந்த மனுஷன், அணையப்போன குச்சியிலேயே இன்னொரு குச்சியைப் பற்றவைத்தார். ஜன்னல் எரிந்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை.

“ஒரு குச்சின்னீயளே?” என்றார் ஆட்டுக்காரர்.

“தீ ஒண்ணுதானவே! அணைஞ்சுதா?”

அந்த நொடியில் ஆடு நகர்ந்தது. பின்பக்கமாக.

“ஏட்டி, ஆடு பின்னால நடக்கு!” ஆட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“முன்னால நடக்க வைக்கட்டாப்பா?”

“வை, பாப்போம்.”

அண்ணாச்சி சுட்டுப்போன இரண்டு விரல்களையும் வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஆட்டுக்காரருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.