முத்திரை நாட்டின் காய்ச்சல் ஏடு

எதை எழுதினாலும் உடனே அரக்கு வைத்து மூடிவிடும் நாடு ஒன்று இருந்தது. பெயர் முத்திரை நாடு. மூடியதைத் திறக்கும் வழக்கம் மட்டும் அங்கே கிடையாது.

அதன் தலைநகரில் ஆய்வாளராக இருந்தவள் தில்லைமொழி. தென்கோட்டத்தில் குழந்தைகள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த அவள் தங்கை மகள் செண்பகமும் படுத்துவிட்டாள். எந்தெந்த வீட்டில் காய்ச்சல் என்பது அரசின் ஏட்டில் இருந்தது. அதைப் பார்த்தால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று சொல்லிவிடலாம்.

ஏடுகாப்பு அமைச்சர் அடலேறு அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஏடு என்பது மக்களின் அந்தரங்கம், அம்மணி. அதில் உள்ளவர்களிடம் சம்மதக் கையொப்பம் வாங்கி வாருங்கள்."

"யார் யார் உள்ளார்கள் என்று ஏட்டைப் பார்த்தால்தானே ஐயா தெரியும்?"

"அதனால்தான் காட்டமுடியாது என்கிறேன்."

மன்றாடியதில் ஓர் ஆணை பிறந்தது: ஏட்டைப் பார்க்கலாம், பெயர்களுக்கு மட்டும் மசி பூசப்படும். ஊரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டால்? ஊருக்கும் மசி. பிறகு எண்ணிக்கைக்கும். பூச ஆள் போதாமல் தென்கோட்டத்து வைத்தியர்களையே வரவழைத்தார்கள். எட்டாம் நாள் அவள் கைக்கு வந்தது கன்னங்கரேலென்று ஓர் ஏடு.

"படிச்சாச்சாம்மா?" என்றார் ஏட்டைக் கொண்டுவந்த காவலர், உண்மையான அக்கறையோடு.

தங்கை வீட்டுக்குப் போனால், வாசலில் ஒரு கஷாய வியாபாரி.

"செண்பகத்துக்குப் பத்து நாளாக் காய்ச்சலாமே? வயசு ஆறுதானே? அளவு பாத்தே கொண்டாந்திருக்கேன்."

"உனக்கு யாருப்பா சொன்னா?"

"முழு ஏடும் எங்க முதலாளிகிட்ட இருக்குக்கா. அரண்மனையிலேருந்து வாராவாரம் வந்துரும். ஒரு பொட்டு மசி இருக்காது!"

தில்லைமொழி தென்கோட்டத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டாள். அவன் பின்னாலேயே நடந்தாள். அவன் தட்டிய கதவுக்கெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி. சாயங்காலத்துக்குள் புள்ளிகள் அத்தனையும் ஒரே கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டன. மன்னர் தம் பிறந்தநாளில் திறந்துவைத்த பொற்கிணறு அது.

குழந்தையைத் தலைநகருக்குத் தன் வீட்டுக்கே தூக்கி வந்தாள். தண்ணீர் மாறியதும் நாலாம் நாள் கஞ்சி கேட்டது குழந்தை. தெம்பு வந்த தில்லைமொழி வரைபடத்தை அமைச்சர் முன் விரித்தாள்.

அவர் புள்ளிகளின் மேல் விரலை வைத்தார். "ஒரே இடத்தில் இப்படிக் கூடியிருப்பது அரசுக்கு அழகல்ல. ஆவன செய்கிறோம்."

செய்தார்கள். பொற்கிணறு அரசு இரகசியமாக அறிவிக்கப்பட்டு, சுற்றிலும் மதில் எழுந்தது. ஒரு கோட்டத்துக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை என்று, அதன் தண்ணீர் குழாய் வழியே நாடு முழுவதும் சமமாகப் பகிரப்பட்டது. தில்லைமொழி வீட்டு முற்றத்துக்கும் ஒரு குழாய் வந்தது.

அதன்பிறகு எவர் வரைந்த படத்திலும் புள்ளிகள் ஒரே இடத்தில் கூடவில்லை.