தக்காளியில் ஒரு துண்டு

கையில் இருந்த தக்காளியையும், சற்று முன்புவரை அது தொங்கிக்கொண்டிருந்த கிளையையும் பல்லுக்காரர் மாறி மாறிப் பார்த்தார்.

"செடிக்குக் கொஞ்சம் தண்ணி விடுங்க பல்லுக்காரரே" என்று மாமனார் சொன்னார். விட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். குழாயைத் திறந்ததும் ரப்பர் ட்யூப் கையை உதறிக்கொண்டு துள்ளியது. தண்ணீர் நேராகப் போய்ச் செடியின் முகத்தில் அறைந்தது. பழம் காம்போடு கழன்று ஈர மண்ணில் தொப்பென்று விழுந்தது.

மாமனார் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுத் தோட்டத்துக்கும் தனியாக ஒரு மோட்டார் வைத்து, மாடியில் பற்றி எரியும் நெருப்பை அணைக்கிற வேகத்தில் தண்ணீர் வரும்படி செய்திருந்தார். ரோஜாவானாலும் புதினாவானாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

தோட்டத்தில் எத்தனை செடி இருந்தாலும் இந்த ஒரு தக்காளிச் செடிக்குத்தான் செல்லம் அதிகம். கோடை தொடங்கி அதில் முதல் பழம் பழுத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடிவிட வேண்டும். மாமனார் தன் கையால் பழத்தைப் பறித்து, நறுக்கி, உப்புத் தூவி, ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு துண்டு வைப்பார். துண்டு விழுந்தால் வீட்டு ஆள். விழாவிட்டால் விருந்தாளி. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் பல்லுக்காரருக்குத் துண்டு விழவில்லை. கல்யாணம் ஆன புதிது. பெண் தானாகத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை. அதுவும் பல் கட்டுகிற பட்டறையில் உட்கார்ந்து, யாரோ கிழவர்களுக்குப் பல்செட் செய்கிற மாப்பிள்ளை. யூனிஃபார்ம் போடாத வேலையெல்லாம் ஒரு வேலையா என்பது மாமனாரின் கட்சி. மூத்த மாப்பிள்ளை பஸ் டிரைவர், அவருக்கு முதல் வருஷமே துண்டு விழுந்துவிட்டது. இவர் தட்டு வந்ததும் மாமனார் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "பல்லுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைங்க" என்றார். அந்த உருளைக்கிழங்கு இன்னும் அவர் தொண்டையிலேயே நின்றது.

இந்த வருஷம்தான், "உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, ஒரு துண்டு கூடுதலா நறுக்கணும்" என்று மாமனாரே மகளிடம் போனில் சொன்னார். அதைக் கேட்டு மனைவி அழுதுவிட்டாள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட, "என்னங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும் எதையும் தொடாம, எதையும் செய்யாம, சும்மா இருந்துடுங்க" என்று கெஞ்சினாள்.

இப்போது முழுப் பழமும் கையில் இருக்கிறது.

சமையலறை ஜன்னலிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. மாமியாரும் இரண்டு மகள்களும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் வாசல் பக்கம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

பல்லுக்காரர் தோள்பையைத் துழாவினார். நேற்று ராத்திரி பட்டறையிலிருந்து நேராகப் போய் பஸ் ஏறியதில், பல்செட்டை ஈறில் ஒட்டவைக்கிற பசை ஒரு ட்யூப் பைக்குள்ளேயே இருந்தது. எப்பேர்ப்பட்ட கிழவருக்கும் முறுக்கு கடிக்கிற தைரியத்தைக் கொடுக்கும் பசை என்று அவரே வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. காம்பில் தாராளமாகப் பிதுக்கி, கிளையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மனதுக்குள் எண்ணினார். மெதுவாகக் கையை எடுத்தார்.

பழம் நின்றது.

பல்லுக்காரர் மூச்சை விட்டார். அந்த மூச்சு பட்டதோ என்னவோ, பழம் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை மண்ணில் அல்ல, பாத்தியின் ஓரத்துச் செங்கல்லில். பக்கவாட்டில் வாய் பிளந்துகொண்டது.

"என்னங்க, தண்ணி விட்டாச்சா?" மனைவியின் குரல் கதவருகே கேட்டது.

வாய் பிளந்த பழத்தை எங்கே ஒளிப்பது? சட்டைப் பையில் போட்டால் நனையும். புதரில் எறிந்தால் தெரியும். யோசிக்க நேரமில்லை. காம்பை மட்டும் கிள்ளி வைத்துக்கொண்டு, பழத்தை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டார்.

"என்ன, கன்னம் உப்பியிருக்கு?"

"ம்ம்."

"பல் வலியா?"

தலையை ஆட்டினார். பல் கட்டுகிறவருக்கே பல் வலியா என்று அவள் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். பல்லுக்காரர் விழுங்கினார். இருந்த பயத்தில் அது தக்காளியா தவிடா என்றே நாக்குக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக ஒரே ஒரு துண்டுக்கு ஏங்கியவர், முழுப் பழத்தையும் நின்ற நிலையில் தின்று முடித்துவிட்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் தொழில் தெரிந்தவன் கை சும்மா இருக்காது. பையில் பல்செட்டுக்கு அச்சு எடுக்கிற சிவப்பு மெழுகும் இருந்தது, லைட்டரும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து மெழுகை இளக்கினார். உருட்டினார். மேலே லேசாகக் குழி விட்டார். தோளில் ஒரு மடிப்பு, அடியில் ஒரு சிறு புள்ளி. கையில் வைத்திருந்த நிஜக் காம்பைத் தலையில் பதித்து, உமிழ்நீர் தொட்டு மெருகேற்றி, சூடாக்கிய மெழுகாலேயே கிளையில் ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அசலே தோற்றுவிடும். அவ்வளவு நேரப் பதற்றத்திலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

"அடேயப்பா!" என்று பின்னாலிருந்து இடி முழங்கியது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியும், தீயைக் கண்டுபிடித்த கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கிறவர். "நேத்து பார்த்ததுக்கு இன்னைக்கு எவ்வளவு பெருசாயிருக்கு! எல்லாரும் வாங்க! வந்து பாருங்க!"

எல்லோரும் வந்தார்கள். மாமியார் கரண்டியோடு வந்தார். மனைவியும் அவள் அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். மூத்த மாப்பிள்ளை மட்டும் பழத்தைப் பார்த்ததும், குறுக்கே மாடு வந்தாற்போல் சட்டென்று நின்றார். பழத்தைப் பார்த்தார், பல்லுக்காரரைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார்.

'கண்டுபிடிச்சிட்டார்' என்று நினைத்துக்கொண்டார் பல்லுக்காரர்.

"தொடக் கூடாது! யாரும் தொடக் கூடாது!" என்றார் மாமனார். "இப்படி ஒரு பழத்தை உள்ள கொண்டுபோயா நறுக்குறது? மேசையை இங்க தூக்கிட்டு வாங்க. இது முன்னாடியே உக்காந்து சாப்பிடுவோம். கடைசியில பறிப்போம்."

"மாமா, இங்க வெயில் வருமே" என்றார் பல்லுக்காரர்.

"வரட்டுமே. வெயில் பட்டா இன்னும் சிவக்கும்."

மேசை வந்தது. தட்டுகள் வந்தன. சோறு, கோழி வறுவல், உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் போட்ட தயிர், பெரிய ஜாடியில் எலுமிச்சைச் சாறு. பன்னிரண்டு மாதமும் சுவருக்குள் இருந்து அலுத்துப்போனவர்களுக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போலச் சுகம் கிடையாது. எல்லோர் முகத்திலும் அந்தச் சுகம் தெரிந்தது, ஒருவர் முகத்தைத் தவிர.

வெயில் சுவரைத் தாண்டி, புதினாவைத் தாண்டி, தக்காளிச் செடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பல்லுக்காரர் கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலையே பார்த்தார்.

"சாப்பிடுங்க தம்பி, ஏன் கையில வெச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றார் மாமியார்.

"சாப்பிடுறேன் அத்தை."

வெயில் செடியைத் தொட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பழத்தின் ஒரு பக்கம் பளபளத்தது. பிறகு அடிப்பக்கம் லேசாக நீண்டது. பல்லுக்காரர் எழுந்து வீட்டுக்குள் ஓடினார். ஒரு கறுப்புக் குடையோடு திரும்பி வந்து, செடிக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேசையிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பழம் வாடிடக் கூடாதில்ல."

மாமனார் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். இளைய மகள் பக்கம் திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "பாத்தியாம்மா? சாப்பாட்டை விட்டுட்டு செடிக்குக் குடை பிடிக்கிறார். நான்கூட இவரைத் தப்பா நெனச்சுட்டேன்." எழுந்து வந்து பல்லுக்காரர் தோளில் கை வைத்தார். "போதும், போய் உக்காருங்க. செடிக்கு வெயில் வேணும்" என்று குடையை வாங்கி மடக்கிவிட்டார்.

அந்தக் கை தோளில் பட்டபோது பல்லுக்காரருக்கு நெஞ்சு வலித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பழம் இப்போது தக்காளியாக இல்லை. கத்திரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் நடுவில் எதுவோ ஒன்றாக இருந்தது. மூத்த மாப்பிள்ளை எலுமிச்சைச் சாற்றை வாயில் வைத்தபடி விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"சரி, நேரமாச்சு" என்றார் மாமனார். கத்தியை எடுத்தார். வெள்ளைத் தட்டை எடுத்தார். செடியை நோக்கி நடந்தார். சிவப்பாக ஒரு சொட்டு இலையில் விழுந்தது.

"மாமா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அதைத் தொடாதீங்க மாமா. அது மெழுகு. நான் செஞ்சது. தண்ணி விடும்போது பழம் விழுந்துடுச்சு. அதை..." பல்லுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "அதை நான் தின்னுட்டேன்."

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமனார் கிட்டப் போய் மெழுகை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. காதுமடல் சிவக்கத் திரும்பினார், கத்தி இன்னும் கையில் இருந்தது.

"முழுசாவா?"

"முழுசா மாமா."

"யாருக்கும் குடுக்காம?"

"யாருக்கும் குடுக்காம."

"உப்பு?"

"உப்புகூடப் போடல மாமா."

மாமனார் ஓரடி முன்னால் வந்தார். "எப்படி இருந்துச்சு?"

பல்லுக்காரர் கண்ணைத் திறந்தார். தவிடு மாதிரி இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. மாமனாரின் பெரிய மீசைக்கு மேலே இருந்த கண்கள் கோபமாக இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் கண்களாக இருந்தன.

"நிறுத்த முடியல மாமா" என்றார்.

மாமனாரின் கையிலிருந்த கத்தி தாழ்ந்தது. மேசைப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு துண்டு வெப்பேன். நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு எல்லாரும் தட்டு ஓரமா ஒதுக்குவீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒருத்தராவது இப்படி, உப்புகூட இல்லாம, திருட்டுத்தனமா, முழுசா தின்னீங்களா?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாடு ஆறுது. வாங்க மாப்பிள்ளை, என் பக்கத்துல உக்காருங்க."

மாப்பிள்ளை என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. மனைவி முந்தானையை விலக்கிப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பல்லுக்காரர் அன்று இரண்டு தடவை கோழி வாங்கிச் சாப்பிட்டார். உருளைக்கிழங்கு மூன்று தடவை.

கை கழுவக் குழாயடிக்குப் போனபோது மூத்த மாப்பிள்ளை அங்கே சோப்போடு நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"சகலை, இன்னையிலேர்ந்து நீங்களும் வீட்டு ஆள். அதனால அடுத்த வருஷம் அந்த வேலை உங்களுது."

"எந்த வேலைண்ணே?"

"கடையில தக்காளி வாங்கிட்டு வந்து மாமாவுக்குத் தெரியாம செடியில கட்டுறது. மொதல்ல பச்சைக் காய், அப்புறம் செங்காய், கடைசியா பழம்னு மூணு தடவை மாத்தணும். அவர் அடிக்கிற தண்ணிக்கு அந்தச் செடி இன்னைக்கு வரைக்கும் ஒரு பூகூடப் பூத்ததில்ல."