இருபது கிலோ எடைக்கல்லும் எட்டாவது ஆட்டமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், பணி ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளனுமாகிய நான் எழுதுவது. தங்கள் தங்கை நலம். தங்கள் மருமகன் நாளை மாலை ஆறு மணி வரை நலம். அதற்குப் பிறகு அவன் நலத்துக்கு நான் பொறுப்பில்லை, நீங்கள்தான் பொறுப்பு. என் நலத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். தாங்களும் வீட்டில் அனைவரும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அது உங்களால் எப்படி முடிகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். மூன்று நாளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். "மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த ஐந்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. ஆகவே இதை எழுதி, தெருமுனை நகல் கடையில் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பது என் கணக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். பையனின் குத்துச்சண்டை ஒப்பந்தத்தில் மேனேஜர் என்று இருப்பது உங்கள் கையெழுத்து. நாளைப் பகல் பன்னிரண்டுக்குள் "எங்க பையன் ஆடல" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்டம் நின்றுவிடும். வேறு யார் சொன்னாலும் நிற்காது. நான் சொல்லிப் பார்த்தேன், "நீங்க யாரு சார்?" என்றார்கள். பெற்ற தகப்பன் என்றேன். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லையாம்.

இதுவரை என்ன குறை வைத்தேன், மச்சான்? ஏழு ஆட்டம், ஏழு வெற்றி, பையன் மூக்கில் ஒரு கீறல் கிடையாது. ஒவ்வொரு ஆளையும் நான் நேரில் போய்ப் பார்த்து, தட்டிக் கொட்டி, தேறாது என்று உறுதியான பிறகுதான் உங்களிடம் பெயர் கொடுத்தேன். முதல் ஆள் பேக்கரியில் மாவு பிசைகிறவர். கையில் நல்ல பலம், ஆனால் யாரையும் அடிக்க மனசு வராமல் இரண்டாம் சுற்றில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாமவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நடுவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். மூன்றாமவருக்கு முழங்கால் மடங்காது. நான்காமவர் குத்து படுவதற்கு முன்பே விழுந்தார், விழுந்த பிறகு எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதில் அவருக்கே தெளிவில்லை. ஐந்தாமவர் அந்த நான்காமவரின் அண்ணன். ஆறாவதும் ஏழாவதும் ஒரே ஆள்தான், இடையில் மீசையை எடுத்திருந்தார். இப்படிப் பொறுக்கி எடுத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த பையனை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எட்டாவது ஆட்டத்தில் நீங்கள் 'தாலாட்டு'விடம் ஒப்படைத்துவிட்டீர்கள்.

அவனுக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் என்று தெரியாமல், குழந்தை மனசு போலிருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் சொன்னார்கள். பதினான்கு ஆட்டத்தில் பதினொரு பேரைத் தூங்க வைத்திருக்கிறானாம். அதில் ஒருவர் இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். போய்ப் பார்த்தேன். "அடி எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, அதற்கு முன்னால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கட்சி எனக்குத் தெரியும். பையனுக்கு இருபத்து மூன்று ஆகிறது, நோஞ்சான்களை அடித்து அடித்தே முப்பது ஆகிவிடும் என்பீர்கள். கோச்சும் உங்கள் பக்கம்தான். "சார், உங்க பையன் அடிச்சதும் இடது கையைக் கீழ போட்டுடறான். இதுவரைக்கும் திருப்பி அடிக்க ஆளே வரல, அதனால அது தப்புன்னே அவனுக்குத் தெரியல. அடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தாதான் அந்தக் கை மேல நிக்கும்" என்கிறார். நியாயம்தான். ஆனால் அடிக்கத் தெரிந்தவனுக்கும் ஆளையே விளக்கு மாதிரி அணைக்கிறவனுக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது? நான் தராசு சோதித்த ஆள். ஒரு கிலோ வைப்போம், இரண்டு வைப்போம், ஐந்து, பத்து, அப்புறம்தான் இருபது. எடுத்த எடுப்பில் இருபதைத் தூக்கிப் போட்டால் தராசு நல்லதா கெட்டதா என்று தெரியாது, தராசே இருக்காது.

சரி, இன்று காலை எடை பார்க்கும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

விளையாட்டரங்கின் பின்பக்கம் ஒரு அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. நடுவில் மின்னணுத் தராசு. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஓர் அதிகாரி. நான் சக்கரம் வைத்த பையில் என் இருபது கிலோ எடைக்கல்லைப் போட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தேன். நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் நினைவாகக் கொடுத்த அதே இரும்புக்கல்தான், பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோமே, அது. தராசு ஏதாவது கோளாறு செய்து நம் பையனை அதிக எடை என்று காட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். "கல்யாணத்துக்குப் போனாக்கூட இதைத் தூக்கிட்டுப் போவீங்க" என்று தங்கள் தங்கை கிளம்பும்போதே சொன்னாள்.

எல்லை அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம். நம் பையன் அறுபத்தொன்று, பிரச்சினை இல்லை. தாலாட்டு ஏறினான். அறுபத்தொன்றரை. அதிகாரி ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார். அவன் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான், கயிறு தாண்டினான், ஒரு வாளியில் துப்பிக்கொண்டே இருந்தான். மறுபடி ஏறினான். அதே அறுபத்தொன்றரை. "முந்நூறு கிராம் கூடுதல். ஆட்டம் ரத்து" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மச்சான், பையன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. நானாக ஒன்றும் செய்யவில்லை, கடவுளாகப் பார்த்து நிறுத்திவிட்டார். பையன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் சந்தோஷம் குறைந்துவிடும்.

அப்போதுதான் அந்தத் தாலாட்டு, கண்ணில் தண்ணீரோடு, "காலைல எங்க தராசுல சரியாத்தான் சார் இருந்துச்சு" என்றான். அதிகாரி, "இந்தத் தராசுல என்னப்பா தப்பு?" என்றார். "இதை யாரு சார் செக் பண்ணினது?" என்று அவன் கேட்டான். யாரும் சோதிக்கவில்லை. மனிதர்களை நிறுக்கும் தராசை யாரும் சோதிக்கவில்லை. என் கை தானாகப் பையின் ஜிப்பைத் திறந்தது. கல்லைத் தூக்கித் தராசில் வைத்தேன். இருபது கிலோ நூறு கிராம் காட்டியது. "இருபதுக்கு நூறு கூடக் காட்டுது. அறுபதுக்கு முந்நூறு. இவர் எடை சரியா இருக்கு, தராசுதான் தப்பு" என்று யாரோ சொல்வது கேட்டது. யார் என்று பார்த்தேன். நான்தான்.

முப்பத்து நாலு வருஷ அடையாள அட்டையைக் காட்டினேன், அதிகாரி பேனாவை மூடினார். ஆட்டம் உறுதியாயிற்று. தாலாட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றான். அந்தக் கை நாளை எங்கே படப் போகிறது என்று நினைத்தேன், பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் பையன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான், வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் விஷயத்தைக் கேட்ட தங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்குப் பிறந்தது இவனா, தராசா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைத்தாள், அதுவும் சத்தத்தோடு.

ஆகையால், மச்சான், நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன், திருத்த உங்களால்தான் முடியும். கோழை என்று ஊர் சொல்லட்டும், எனக்கென்ன. இன்னும் நாலு ஆட்டம் போகட்டும். ஒரு ஆள் கொஞ்சம் அடிக்கட்டும், அடுத்தவன் அதைவிடக் கொஞ்சம் கூட அடிக்கட்டும். முழங்கால் மடங்குகிற ஆளாகவே நானே பார்த்துத் தருகிறேன். எனக்கு இருப்பது ஒரு பையன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பையன், அவனை அப்படியே விட்டுவைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் கணக்குப் போடட்டும், படம் வரையட்டும், யாரையும் குத்தாமல், யாரிடமும் குத்து வாங்காமல் நெடுங்காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
நாக்கை அடக்கத் தெரியாத தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பால்கனிக் கதவு அடித்துக்கொண்டது. கல்லை அதன் இடத்தில் வைக்கலாம் என்று தூக்கினேன். அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. ரப்பர். "போன வாரம்தான் ஒட்டினேன். தரையெல்லாம் கீறுதே. உங்க பழைய ஆபீஸ் செருப்புதான்" என்றாள் தங்கள் தங்கை. மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். பிய்த்து எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். நூறு கிராம், முன்னே பின்னே இல்லை. முப்பத்து நாலு வருஷம் எத்தனை கடைக்காரரிடம் "கல்லைத் திருப்பிக் காட்டுய்யா" என்று அதட்டியிருப்பேன். என் கல்லை நான் திருப்பிப் பார்க்கவில்லை. அரங்கத்துத் தராசு சரி. தாலாட்டு முந்நூறு கிராம் கூடுதல்தான். ஆட்டம் சட்டப்படி செல்லாது.

சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்க்க ஓடினேன். படியில் பையன் உட்கார்ந்து கைக்குச் சுற்றும் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அப்பா, ஒரு நிமிஷம்" என்றான். "அந்த ஏழு பேரையும் எனக்குப் பார்த்துப் புடிச்சுக் கொடுத்தது நீங்கதான்னு தெரியும்பா. மீசையை எடுத்துட்டா எனக்கு அடையாளம் தெரியாதா? என்மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லன்னு நினைச்சுட்டிருந்தேன். இன்னிக்கு ஆட்டமே நின்னுபோச்சு. நீங்க வாயைத் திறக்காம இருந்திருக்கலாம். திறந்தீங்க. பஸ்ல வரும்போது பேசினா அழுதுடுவேன்னு பேசல." நம்பிக்கை இல்லடா, பழக்கதோஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான்.

பசை வாங்க என்றேன். வாங்கிவந்து ரப்பரைப் பழையபடி ஒட்டிவிட்டேன், கல்லும் கதவோரம் இருக்கிறது. கல்லுக்கு அடியில் மெழுகு ஒட்டினவனையெல்லாம் அபராதம் கட்ட வைத்த கை இது. நாளைப் பன்னிரண்டுக்கு நீங்கள் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஐந்தரைக்கே வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். அவன் இடது கையைக் கீழே போட்டால் "கையை ஏத்துடா" என்று கத்த வேண்டும், எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை.