லைவில் கூடிய ஊர்

ஓர் ஊரைக் கூட்டுவது கஷ்டம் என்பார்கள். கூடத் தயாராக இருந்த ஊரைக் கூடவிடாமல் செய்வது அதைவிடக் கஷ்டம். அதைத் தன்னந்தனியாக, சொந்த டேட்டா செலவில் செய்து முடித்தவன் நான்.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி, நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். பாதிப் பேர் கடலுக்குப் போவார்கள், மீதிப் பேர் ஆற்றில் இறங்குவார்கள். என் அக்கா எல்லம்மா ஆற்றுக்காரி. தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பாள். மாமா போன பிறகு அந்த இறால்தான் அவளையும் அவள் மகளையும் காப்பாற்றியது. அந்தக் கரையைத்தான் ஒரு கம்பெனி சரக்கு யார்டு கட்டக் கேட்டது. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.) அதற்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். அதற்கு ஒரு கூட்டம் அறிவித்தார்கள்.

"ஊரே போயி வேணாம்னு சொன்னா இன்னா பண்ணிடுவாங்க?" என்று அக்கா தைரியமாக இருந்தாள்.

நான் அப்போது கல்மண்டபத்தில் ஏற்றுமதி இறக்குமதி பேப்பர் பார்க்கும் ஓர் ஆபீசில் கிளார்க். ஊரில் சட்டையை இன் பண்ணுகிற ஒரே ஆள் என்ற கர்வம் வேறு. 'எங்கள் ஆறு எங்கள் உரிமை' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். ஐந்நூறு பேர் சேர்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. (அதில் பாதிப் பேர் காலையில் ரோஜாப்பூ அனுப்புவதற்கென்றே பிறந்தவர்கள்.) கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். வார்டு கவுன்சிலர் சீட்டு கொடுத்தால் வாங்கலாமா, மறுக்கலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் பொதுக் காரியத்துக்கு அழைக்க ஒரு முறை உண்டு. முதல் நாள் சாயந்திரம் கோயில் மைக்கில் அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டால் மறுநாள் ஒருவரும் தொழிலுக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். வராதவனை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள். ஊர்த் தலைவர் தேசப்பன் மாமா மறக்காமல் என்னிடம் வந்து கேட்டார்.

"மைக்ல சொல்லிடட்டுமா நைனா?"

"வோணாம் மாமா. மைக் போட்டா கம்பெனிக்காரன் உஷாராயிடுவான். நான் குரூப்ல போட்டுக்கிறேன்."

(கூட்டத்தை நடத்துவதே கம்பெனிக்காகத்தான் என்பது என் ராணுவ மூளைக்கு உறைக்கவில்லை.)

'நாளை காலை பத்து மணி, சமுதாயக் கூடம். அனைவரும் வரவும். நான் ஃபேஸ்புக்கில் லைவ் போடுகிறேன்' என்று அனுப்பினேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. தீ வந்தது, சிங்கம் வந்தது, முறுக்கிய புஜம் வந்தது. இத்தனை கூட்டத்தைக் கூடம் தாங்குமா, நெரிசலில் பெரியவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் கூடம் நிறைந்துதான் இருந்தது. எல்லாம் வேனில் வந்த, முன்பின் பார்த்திராத முகங்கள். கையில் கம்பெனி கொடுத்த பிரியாணி டோக்கன். எங்கள் ஊர் சார்பில் அக்கா மட்டும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். நான் வீட்டில் வாயால் சொன்னதால் வந்தவள்.

"இன்னாடா, நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோம்?"

"வந்துகினே இருப்பாங்கக்கா. எல்லாரும் தம்ஸ்அப் போட்டுக்கிறாங்க."

"அத்தப் போட்டா வந்தாப்லயா?"

ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்றார் மேடையிலிருந்த அதிகாரி. செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, லைவை ஆரம்பித்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். "என் ரத்தத்தின் ரத்தமான..." என்றதும் திரையில் இதயங்கள் பறந்தன. 'மாஸ் மாமு' என்று ஒருவன். 'சவுண்டு வர்ல, மைக்க கிட்ட வச்சுக்கோ' என்று இன்னொருவன். வைத்துக்கொண்டேன். 'மூஞ்சி இருட்டா கீது.' ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"சார், எங்களப் பாத்துப் பேசுங்க" என்றார் அதிகாரி. அப்போதுதான் தெரிந்தது, அதுவரை அவருக்கு முதுகைக் காட்டி முழங்கியிருக்கிறேன்.

"உங்க ஊர்ல எத்தன பேர் எதிர்க்கிறீங்க?"

"ஐந்நூறு பேர் சார்!"

"எங்க?"

போனைத் தூக்கிக் காட்டினேன்.

பிரியாணி டோக்கன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா எழுந்து நின்றாள். "சார், அது நான் எறா புடிக்கிற எடம் சார். அத்த வுட்டா எனக்கு வேற போக்கு இல்ல சார்" என்றாள். அழுதபடியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்சேபம் இரண்டு பேர் என்று பதிவாயிற்று. அவமானத்தில் நான் லைவை அணைக்கக்கூட மறந்துவிட்டேன். அக்கா அழுததற்குத்தான் இதயம் அதிகம் வந்தது.

ஊருக்குத் திரும்பினால், படகு நிழலில் மொத்த சனமும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

"சூப்பரா பேசினடா!" என்று கை கொடுத்தான் என் தோஸ்து முனுசாமி.

"ஏன்டா வரல?"

"நீதான லைவ் போடறேன்ன? அங்க வந்துட்டா எப்புட்றா லைவ் பாக்கிறது?"

தேசப்பன் மாமாவைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். "மைக்ல கூப்ட்டாதான் நைனா அழைப்பு. செல்லுல வர்றது சேதி. சேதி தெரிஞ்சுகினோம், அவ்ளோதான்."

யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. எல்லோரும் மனதாரக் கலந்துகொண்டதாகவே நினைத்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஓடிப் போய் மனு கொடுத்தோம், இரண்டு முறை மறியல் செய்தோம், அப்போது மைக்கில் கூப்பிட்டுத்தான். "கூப்பிட்டப்ப ஏன் வரல?" என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வேலி வந்தது. அதை யாரோ படம் பிடித்து குரூப்பில் போட, எல்லோரும் அழும் பொம்மை அனுப்பினார்கள். அக்கா இப்போது அந்த யார்டிலேயே பெருக்குகிறாள்.

போன வருடம் அவள் மகளுக்குக் கல்யாணம். வீடு வீடாகப் போய் குங்குமம் கொடுத்து அழைத்தாள். "நீ மட்டும் செல்லுல எதையும் போட்றாத" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்குப் பந்தல் கொள்ளவில்லை. பந்திக்குப் பந்தி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். குருமா வாளியோடு ஓடிக்கொண்டிருந்த என்னை அக்கா நிறுத்தினாள்.

"பாத்தியாடா? இத்தினி பேரு கீறாங்க நம்ம ஊர்ல."

பந்தலே சிரித்தது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அக்கா ஒரு முறைதான் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.