எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு

கோவில்பட்டி,
14.6.1998

அன்புள்ள மாப்பிள்ளை நந்தகோபாலுக்கு,

உம் அத்தான் வன்னியபெருமாள் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உம் அக்கா விஜியும் நலம். நலம் என்றால் உடம்பு மட்டும்தான். மனசைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நீர் பெங்களூரிலிருந்து கேசட் பதிந்து அனுப்ப ஆரம்பித்த நாள் முதல், இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டை விடாமல் வாசிக்கிற அந்த லண்டன் தாடிக்காரர்கள் பாட்டுக்குழுவுக்கு இந்தக் கரிசல் காட்டில் ஒரே ரசிகன் நான்தான் என்பது உமக்குத் தெரியும். நம் தீப்பெட்டி ஆபீசில் போட்டுவிட்டால், "மொதலாளி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்கிற ஊர் இது. அதனால்தான் மணியாச்சி ஸ்டேஷனில் பண்டல் புக் பண்ணப் போனபோது, அவர்கள் பாட்டை நான் முணுமுணுத்து விட்ட இடத்திலிருந்து உள்ளேயிருந்த கிளார்க் எடுத்துப் பாடவும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயர் இசக்கிராஜா. மாற்றலாகி வந்திருக்கிறான். கவுண்டர் கம்பி வழியாகக் கையைப் பிடித்து, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க தம்பி" என்று நானே, என் வாயாலேயே, கூப்பிட்டேன்.

வந்தான். கடம்பூரில் ரயில் நிற்கிற நேரத்தில் போளி வாங்கிக்கொண்டு வந்தான். உம் அக்கா அன்றே அவன் கட்சி. சரி, போகட்டும். ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் என்ன பேசுவோம்? அதிகம் பேர் கேட்காத பாட்டில் உனக்கு எது, எனக்கு எது என்றுதானே? நான் அவர்களுடைய மூணாவது ரெக்கார்டின் கடைசிப் பாட்டைச் சொன்னேன். "யாருக்கும் தெரியாது அத்தான்" என்று நீர் எழுதி அனுப்பினீரே, அது. அவன் போளியை மென்றுகொண்டே, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான அண்ணாச்சி" என்கிறான்! எல்லாருக்கும்னா யாருக்குலே? கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவுல அதைக் கேட்டது நீயும் நானும்தானே? மறுவாரம் வேறொண்ணு சொன்னேன். "அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான." அவன் சொல்லுற பாட்டு ஒண்ணுகூட எனக்குத் தெரியல மாப்பிள்ளை. வயிறு எரியுது. இத்தனை வருசம் நான் ஒத்தையாக் காப்பாத்தின குழுவைப் பத்தி, நேத்து வந்த பய எனக்கே பாடம் எடுக்கான். ராத்திரி சோறு இறங்க மாட்டேங்கு.

அப்பத்தான் சாமி கண்ணத் தொறந்துச்சு. நீர் அனுப்புன நீலக் கேசட்ல பி பக்கம் கடைசில, உறையில பேர்கூட எழுதாம ஒரு பாட்டு கிடக்கு. முதல்ல ஒரே இரைச்சல், அதுக்குள்ள கடகடன்னு சுத்திச் சுத்தி வார தாளம், நடுவுல தூரத்துல ஒரு பொம்பளக் குரல், என்ன பாஷையோ, சோகமா கோவமான்னு பிடிபடல, உச்சத்துக்குப் போகும்போது சட்டுன்னு எல்லாம் நின்னுரும். அப்படி முடிக்க வேற எவனுக்கு தைரியம் வரும்? போன ஞாயிறு போட்டுக் காட்டினேன். கையில எடுத்த போளி அவன் கையிலேயே இருக்கு. மூஞ்சி கருத்துப்போச்சு. "இது எந்த ரெக்கார்டு அண்ணாச்சி?"ன்னான். "தெரியாதா தம்பி?"ன்னு கேட்டேன் பாரும், பிறந்த பலன் கிடைச்சிட்டு.

ஆகவே அந்தப் பாட்டின் பெயரை உடனே எழுதி அனுப்பும். உம் விலாசத்தை அந்தப் பய உம் அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். அழுது கேட்டாலும் அவனுக்குக் காப்பி எடுத்துக் கொடுத்துவிடாதேயும்.

செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் உமக்கு இந்த ஆவணியிலாவது பெண் அமையட்டும். அவளுக்கும் நம் குழு பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உம் அன்பு அத்தான்
வன்னியபெருமாள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை விட்டுத்தள்ளும். கடிதத்தை ஒட்டப்போகும்போது உம் அக்கா அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது நம்ம கிரைண்டர்லா! அன்னைக்கு பாட்டுப் போடப் போயி ரெக்கார்டு பட்டனையும் சேத்து அமுக்கியிருக்கேன். கரண்டு போகவும் நின்னுட்டு" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தப் பொம்பளக் குரலும் அவள்தான், என்னைத்தான் ஏசுகிறாள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது இசக்கிராஜா போளியோடு வந்தான். "அந்தப் பாட்டா அண்ணாச்சி? விசாரிச்சிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்கிட்ட முழுசா இருக்கு, நீங்க வச்சிருக்கது பாதிதான்" என்கிறான். அது எங்கள் வீட்டு கிரைண்டர் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மத்தியானச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. அவங்கிட்ட இருக்கிற முழுப் பாட்டு எனக்கும் வேணும். எப்படியாவது தேடி அனுப்பும்.