நன்றி சொல்லக் கூடாத தீவு

எங்கள் கிராஹோல்மா தீவில் நாற்பத்தொரு பேர். அக்கரை போக ஒரே படகு. அதை நிறுத்துவது குறித்து மக்களோடு மனம் திறந்து உரையாடும் பொருட்டு, நகராட்சி தூவா என்ற உரையாடல் அதிகாரியை நியமித்தது.

முதல் கூட்டத்தில் ஒட்னி எழுந்தாள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டவள். வாரம் மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்தால்தான் உயிர்.

"ஏம்மா, படகு ஓடுமா, ஓடாதா?"

"ரொம்ப அருமையான கேள்விங்க!" தூவா அதை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"சரி, பதிலு?"

"பதில் சொன்னா உரையாடல் முடிஞ்சிடுமே! எனக்கு அந்த அதிகாரம் இல்லைங்க."

"அப்ப எப்பத்தான் முடியும்?"

"உங்கள்ல யாராவது வாய்விட்டு நன்றி சொன்னா, 'மக்கள் நிறைவடைந்தனர்'னு பதிவு பண்ணிடுவேன். அதுவரைக்கும் படகை நிறுத்தக் கூடாதுன்னு விதி."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. காப்பிக்கு நன்றி, சாப்பாட்டுக்கு நன்றி, போன தடவை சந்தித்ததற்கும் சேர்த்து இந்தத் தடவை நன்றி என்று வளர்ந்த ஜனம் நாங்கள். அன்று முதல் அந்த ஒரு சொல்லுக்கு ஊமையானோம். கூட்டத்தில் தூவா வாஃபிள் சுட்டுப் பழுப்புச் சீஸ் வைத்துக் கொடுப்பாள். ஆஸ்முண்ட் ஆறு தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி எழுந்து போவான். அவன் மனைவி வெட்கத்தில் மேஜைக்கடியில் கைக்குட்டை தேடுவாள்.

உரையாடல் தொடர வேண்டுமே? கேட்டுக்கொண்டே இருந்தோம்.

"படகோட சங்கு சுருதி சேரலையே, ஏன்?"

"கடற்காக்கைங்ககிட்ட கருத்துக் கேட்டாச்சா?"

"அருமையான கேள்வி!" கடற்காக்கைகளுக்குத் துணைக்குழு அமைந்தது. பதினான்கு மாதத்தில் சுவர் நிறைந்து ஜன்னலும் மஞ்சளாகிவிட, மத்தியானத்திலேயே விளக்குப் போட்டோம். தேசத்தின் தலைசிறந்த உரையாடலுக்கான விருது எங்கள் நகராட்சிக்கே கிடைத்தது.

அக்கரையிலிருந்து விருதுக் கேக்கோடு தூவா வந்தாள். நகராட்சியின் கடிதத்தைப் படித்தாள்: "உரையாடல் தொடரும் காலம் முழுவதும் படகு ஓடும் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

'ஓடும்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒட்னிக்குக் கண் நிறைந்துவிட்டது. தூவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா!"

"அடிப் பாவி!" என்றான் ஆஸ்முண்ட், வாய் நிறையக் கேக்கோடு.

தூவா மெல்லப் பேனாவை எடுத்தாள். "நான் எழுதித்தான் ஆகணுங்க," என்றாள். எழுதினாள், அனுப்பினாள். மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பதினான்கு மாதத்தில் வந்த முதல் பதில்: 'உடனடி அமல்.'

வெளியே சங்கு ஊதியது. எல்லாரும் துறைக்கு ஓடினோம். காலிப் படகு நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்று அலறினாள் தூவா.

ஒட்னி மூச்சு வாங்கியபடி தூவாவின் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவினாள்.

"ரொம்ப அருமையான கேள்வி. ஆனா வரிசையில நிக்கணும் கண்ணு, என் சீட்டு முதல்ல இருக்கு."